திறக்க மறுத்த கதவுகள்: பயண வண்டிப் பூட்டுகளின் கதை



'சாவி' என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த சொல். தமிழில் அதற்குத் 'திறவுகோல்' என்று பெயர். மாணவர்களுக்குச் சொல் விளக்கம் நடத்தும்போதெல்லாம் இந்தச் சொல் என்னைச் சற்று நிறுத்தி வைக்கும். பூட்டுவதற்கும் அதே கோலைத்தான் பயன்படுத்துகிறோம். இருந்தும் அதற்குப் 'பூட்டுகோல்' என்று பெயர் அமையவில்லை. மூடியதைத் திறக்க முடிவதுதான் முக்கியம் என்று சொல்லை ஆக்கியவர்கள் எண்ணியிருப்பார்களோ? இது என் ஊகமே. மொழியியல் அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்த இடுகையில் நான் எழுத விரும்புவது வீட்டுக் கதவைப் பற்றியன்று. பயணம் செய்யும் வண்டிகளின் கதவைப் பற்றி. வீட்டுக் கதவின் பூட்டு ஒரே ஓர் அச்சத்தால் பிறந்தது. வெளியே இருக்கும் கள்வன் உள்ளே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஓடும் வண்டியின் கதவுக்கோ இரண்டு அச்சங்கள் உண்டு. திறக்கக் கூடாத நேரத்தில் அது திறந்துகொண்டால் உள்ளே இருப்பவர் விழுந்து மாள்வார். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமற்போனால் உள்ளேயே மாள்வார். இவ்விரண்டு அச்சங்களுள் எதற்கு முதலிடம் தருவது என்பதில் மனிதன் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தடுமாறி வந்திருக்கிறான்.

இதில் எனக்கு நாட்டம் ஏற்பட்டதற்கு ஒரு கேம்பர் வண்டியே காரணம். படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய சுற்றுலா வண்டியைத்தான் கேம்பர் என்கிறார்கள். ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு நியூசிலாந்தின் தென்தீவுக்குச் சென்று, அப்படிப்பட்ட வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் மாலை தெக்காப்போ ஏரிக்கு அருகில் வண்டியை நிறுத்தினோம். நானும் மனைவியும் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, வண்டியின் பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை. சாவி நுழைந்தது, பாதி திரும்பியது, அதற்குமேல் அசையவில்லை. பிள்ளைகள் இருவரும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தும் பயனில்லை. ஓட்டுநர் இருக்கைப் பக்கமாக அவர்களை வெளியே வரச் செய்ய முடிந்தது. ஆனால் அந்தக் குறுகிய வழியின் ஓரத்தில்தான் எரிவாயு அடுப்பு இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அன்றிரவு பலமுறை எண்ணிப் பார்த்தேன். வாடகை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தோம். மறுநாள் காலைக்குள் ஆள் அனுப்ப இயலாது என்றார்கள்.

பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த முதியவர் ஒருவர் வந்தார். அவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. நேரே குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பின்சக்கரம் ஒன்று சிறு பள்ளத்தில் இறங்கியிருந்தது. வண்டியை ஒரு முழ தூரம் முன்னே நகர்த்தச் சொன்னார். பிறகு கதவின் கைப்பிடிப் பக்கத்தைத் தோளால் சற்றே மேல்நோக்கித் தூக்கியபடி சாவியைத் திருப்பினார். 'டக்' என்ற ஒலியோடு கதவு திறந்தது. வண்டியின் உடல் ஒரு பெரிய பெட்டி. ஒரு மூலை தாழ்ந்தால் பெட்டி முழுவதும் மெல்ல முறுக்கிக்கொள்ளும். அப்போது தாழ் போய் விழ வேண்டிய துளையும் தாழும் நேர்க்கோட்டில் இரா. சாவியை வலிந்து திருப்பினால் சாவிதான் முறியும். பூட்டில் எண்ணெய் விட வேண்டாம், புழுதியைச் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லி, என் மகளின் பென்சிலை வாங்கிச் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்துப் பூட்டுக்குள் பலமுறை செலுத்தி எடுத்தார். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் உலர்ந்த மசகாக வேலை செய்யும். பாடம் நடத்தும் என் கையில் நாள்தோறும் இருக்கும் பொருள் அது!

வண்டியிலேயே வாழ்ந்து ஊர் சுற்றும் இந்தப் பழக்கம் பழையது. வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் 'வாண்டரர்' என்ற பெயரில் குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை அதிலேயே பயணம் செய்தார். இன்பச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டி என அதைப் பலரும் குறிப்பிடுவர். அத்தகைய வண்டியில் பூட்டு இறுகினால் பெரிய ஆபத்தில்லை. குதிரையை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியே இறங்கிவிடலாம். கதவுப் பூட்டு உயிர்ப் பிரச்சனையாக மாறியது, பலரை ஒன்றாக ஏற்றிச் செல்லும் இரயில் வந்த பிறகுதான்.

தொடக்ககால இரயில் நிறுவனங்கள் பல, பயணிகளை ஏற்றியதும் பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடும். அதற்கு அவை சொன்ன காரணம் அறிவுக்குப் பொருந்தாததன்று. குதிரை வண்டியிலிருந்து தாவி இறங்கிப் பழகிய மக்கள், ஓடும் இரயிலிலிருந்தும் அப்படியே இறங்க முற்பட்டு உயிரிழந்தார்கள். எனவே, பயணிகளின் நலனுக்காகவே பூட்டு! நம் பள்ளிகளிலும் 'பிள்ளைகளின் பாதுகாப்புக்காக' என்று தொடங்கும் சுற்றறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

1842 மே 8. பிரான்சில் மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழா வெர்சாயில் நடந்தது. விழா முடிந்து மக்கள் நிரம்பிய இரயில் ஒன்று பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெடோன் என்னும் இடத்துக்கு அருகில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. எஞ்சினின் நெருப்பு மரப்பெட்டிகளைப் பற்றிக்கொண்டது. கதவுகளோ பூட்டிக் கிடந்தன. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் டுமோன் டர்வில். உலகைக் கப்பலில் சுற்றி வந்து, அண்டார்க்டிகாவின் பனிக்கரையைக் கண்டு மீண்ட கடலோடி அவர். மனைவியோடும் மகனோடும், பூட்டிய பெட்டிக்குள், தலைநகருக்கு அருகிலேயே அவர் எரிந்துபோனார். இதற்குப் பிறகு பிரான்சில் பயணிகளைப் பூட்டி வைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் சிட்னி ஸ்மித் என்னும் சமயகுரு அதே ஆண்டில் செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதி, அங்கிருந்த பூட்டும் வழக்கத்தை எள்ளி நகையாடினார். ஆனாலும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை.

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு இதன்பின் வருகிறது. 1889 சூன் 12-இல் அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறு சமயப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கடற்கரைச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டனர். சீட்டு இல்லாதவர் ஏறிவிடக் கூடாது என்று பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. ஏற்றத்தில் எஞ்சின் ஏற மாட்டாமல் நின்றுவிடவே, இரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் மேலே கொண்டு செல்ல முடிவு செய்தார்கள். பிரித்து விடப்பட்ட பின்பெட்டிகள் சரிவில் தாமாக உருளத் தொடங்கின. கீழே இருந்து அடுத்த இரயில் வந்துகொண்டிருந்தது. மோதலில் சுமார் 80 பேர் மாண்டனர். அவர்களுள் பிள்ளைகள் பலர். பெட்டிகள் பின்னோக்கி உருள்வதை உணர்ந்தும், பூட்டிய கதவுகளால் இறங்க வழியின்றி உள்ளே இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பயணிகள் இரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் தானே இயங்கும் தடைக்கருவி இருக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. வரலாற்று நூல்கள் அர்மாவைத் தடைக்கருவியின் கதையாகவே சொல்கின்றன. ஓர் ஆசிரியராகப் படிக்கும்போது எனக்கு அது கதவின் கதையாகவும் தெரிகிறது.

இனி விண்வெளிக்கு வருவோம். தாவல் பெரிதாகத் தோன்றலாம். ஆயினும் விண்கலமும், மனிதர் உண்டு உறங்கிப் பயணம் செய்யும் ஒரு சிறு வண்டியே. கதவின் இரண்டு அச்சங்களும் அங்கே ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து சேர்ந்தன.

1961 சூலை 21-இல் கஸ் கிரிசம் 'லிபர்ட்டி பெல் 7' கலத்தில் பறந்து, அட்லாண்டிக் கடலில் இறங்கினார். அவர் கலத்தின் கதவை 70 ஆணிகள் பிடித்திருந்தன. ஆபத்து வேளையில் விரைந்து வெளியேறுவதற்காக, அந்த ஆணிகளை வெடியால் ஒருசேரத் தறித்துக் கதவை வீசி எறியும் புதிய ஏற்பாடு அதில் இருந்தது. மீட்பு ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தபோது கதவு திடீரென வெடித்துப் பறந்தது. கடல்நீர் உள்ளே புகுந்தது. கிரிசம் நீந்தித் தப்பினார். ஏறத்தாழ மூழ்கியே போயிருப்பார். கலம் கடலடிக்குச் சென்றது. பொத்தானைத் தாம் அழுத்தவில்லை என்று அவர் இறுதிவரை சொன்னார். மறு ஆண்டில் வால்டர் ஷிரா தமது கலத்தின் கதவை வேண்டுமென்றே வெடிக்கச் செய்தபோது, விசையின் எதிரடியால் அவர் கையில் காயம் ஏற்பட்டது. கிரிசத்தின் கையில் அப்படி எந்தக் காயமும் இருக்கவில்லை. நான் கிரிசத்தையே நம்புகிறேன்.

அடுத்து, பயணத்தின் நடுவே பூட்டு இறுகிய நிகழ்வு. 1965 சூன் 3-இல் ஜேம்ஸ் மெக்டிவிட்டும் எட் ஒயிட்டும் 'ஜெமினி 4' கலத்தில் புறப்பட்டனர். அமெரிக்கர் ஒருவர் முதன்முதலாகக் கலத்துக்கு வெளியே மிதந்தது இந்தப் பயணத்தில்தான். அந்தப் படத்தை நம் அறிவியல் பாடங்களிலும் காட்டுகிறோம்: கரிய வானம், நீலப் புவி, நடுவே வெள்ளுடை மனிதர், பொன்னிறக் கயிறு. படத்தில் தெரியாதது கதவு.

வெளியேறும் நேரம் வந்தபோது ஒயிட்டின் தலைக்கு மேலிருந்த கதவின் பூட்டு திறக்க மறுத்தது. கதவைச் சுற்றியுள்ள தாழ்களை ஒரு கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி இயக்க வேண்டும். அந்த இயக்கத்தில் பற்சக்கரங்களைப் பொருந்தச் செய்யும் சிறு சுருள்வில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. கைப்பிடி ஆடியது, பற்கள் பிடிக்கவில்லை. நம் வீட்டுக் கதவில் சாவி வெறுமனே சுற்றுமே, அதைப் போல.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. இதே கோளாறு அதற்கு முன்பே, செயிண்ட் லூயிஸ் நகரத் தொழிற்சாலையில், காற்றகற்றிய அறையில் நடந்த சோதனையின்போது தலைகாட்டியிருந்தது. அன்று கதவு பூட்டிக்கொள்ள மறுத்தது. சோதனை முடிந்ததும் மற்றவர்கள் கலைந்து போயிருப்பார்கள். மெக்டிவிட் போகவில்லை. அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அந்தப் பூட்டின் இயக்கத்தைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பல் எதைத் தள்ளுகிறது, அது பிடிக்காவிட்டால் விரலை எங்கே கொடுத்து அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டார். விண்கலத்தின் தளபதி ஒருவர், பட்டறைத் தரையில், ஒரு கைவினைஞரின் மாணவராக நின்றார்.

அதனால் புவிக்கு மேலே அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் முடிவு எளிதன்று. இப்போது வலிந்து திறந்தால் திரும்ப மூட முடியுமா? கதவு மூடித் தாழிடப்படாத கலம் காற்றுமண்டலத்துக்குள் திரும்ப இயலாது, இருவரும் எரிந்துபோவார்கள். இருவரும் பேசிக்கொண்டனர், திறந்தனர். ஒயிட் ஏறத்தாழ 20 நிமிடம் வெளியே மிதந்தார். உள்ளே வர மனமின்றி வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் உள்ளே வந்து அமர்ந்ததும், அஞ்சியபடியே கதவு தாழ் பிடிக்க மறுத்தது. காற்றடைத்த உடையின் தடித்த கையுறைக்குள் விரல்கள்; கலமோ புவியின் இருட்டுப் பக்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒயிட் கதவை இழுத்துப் பிடிக்க, மெக்டிவிட் அவரைப் பிடித்துக்கொண்டே பூட்டுக்குள் விரலைச் செலுத்திப் பல்லை அழுத்தினார். தாழ் விழுந்தது. வேண்டாத கருவிகளை வெளியே எறிவதற்காக அதே கதவை மீண்டும் ஒருமுறை திறப்பதாக முன்பு திட்டம் இருந்தது. அந்த எண்ணத்தை அவர்கள் கைவிட்டார்கள். பொருள்கள் உள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்க, சூன் 7-இல் புவிக்குத் திரும்பினார்கள். இந்த முடிவையும் நான் வீரமாகவே கருதுகிறேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மகிழ்ச்சி. 1967 சனவரி 27-இல், அப்போலோ 1 கலத்துக்குள், புறப்பாட்டுக்கு முந்திய ஒத்திகைக்காக மூவர் அமர்ந்திருந்தனர்: கிரிசம், ஒயிட், ரோஜர் சாஃபி. ஆம், கதவு தானே திறந்து கலத்தை இழந்தவரும், கதவு மூட மறுத்து உயிரோடு போராடியவரும் அருகருகே. இந்தக் கலத்தின் உட்கதவு உள்நோக்கித் திறப்பது. உள்ளிருந்து மூடும் குக்கர் சில வீடுகளில் இருக்கும். அதன் மூடியை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே ஆவியழுத்தம் இருக்கும்வரை யாராலும் அந்த மூடியைத் திறக்க இயலாது. விண்வெளியில் கதவு தானாகத் திறந்துவிடாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. லிபர்ட்டி பெல்லில் கதவு பறந்ததுதான் இந்த வடிவத்துக்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எடை, காற்றுக் கசிவு போன்ற வேறு காரணங்களும் இருந்தன.

அன்று மாலை 6.31-க்குத் தூய உயிர்வளி நிரம்பிய கலத்துக்குள் தீப்பற்றியது. அழுத்தம் உடனே ஏறியது. நடுவில் அமர்ந்திருந்த ஒயிட்டின் தலைக்குப் பின்னே கதவு. ஆபத்தில் அதைத் திறப்பது அவர் பொறுப்பு. எல்லாம் சரியாக நடந்தாலும் திறக்க 90 விநாடி தேவைப்படும். அவர்களுக்குக் கிடைத்ததோ சில விநாடிகள். வெளியே இருந்த பணியாளர்கள் புகையில் மூச்சுத் திணறியபடி எல்லாக் கதவுகளையும் திறந்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மூவரும் மாண்டிருந்தனர்.

அதன் பிறகு கதவை முற்றிலும் மாற்றினார்கள். பல அடுக்குகளுக்குப் பதிலாக ஒரே கதவு, வெளிநோக்கித் திறப்பது, உள்ளிருந்து சில விநாடிகளில் திறக்கக்கூடியது. 1969 மார்ச்சில் பறந்த அப்போலோ 9-இல் டேவிட் ஸ்காட் அந்தப் புதிய கதவைத் திறந்து, விண்வெளியில் தலையை நீட்டி நின்றார். அப்பயணத்தின் தளபதி வேறு யாருமல்லர், மெக்டிவிட்தான். 2022-இல் தமது 93-ஆம் வயதில் அவர் மறைந்தார். லிபர்ட்டி பெல் கலத்தை 1999-இல் கடலடியிலிருந்து மேலே கொண்டு வந்தார்கள். அதன் கதவு மட்டும் கிடைக்கவில்லை.

கேம்பர் வண்டிக்கும் விண்வெளிக்கும் நேரடித் தொடர்பே ஒன்று உண்டு. 1969 சூலையில் நிலவிலிருந்து திரும்பிய மூவரையும், நிலவுக் கிருமி பரவிவிடக் கூடாது என்று தனிமைப்படுத்தி வைத்தார்கள் அல்லவா? அவர்களை அடைத்து வைத்தது, ஏர்ஸ்ட்ரீம் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் சுற்றுலா வண்டியைச் சக்கரமின்றி மாற்றியமைத்த கூண்டில். மருத்துவர் ஒருவரும் பொறியாளர் ஒருவரும் உடன் இருந்தனர். அதிபர் நிக்சன் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அவர்களிடம் பேசினார். திறக்கக் கூடாத கதவுக்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு. இத்தனைக்கும், கடலில் மிதந்தபோதே விண்கலத்தின் கதவைத் திறந்துதான் அவர்களை வெளியே எடுத்திருந்தார்கள்!

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகிழுந்தின் பின்கதவு விளிம்பில் சிறு விசை ஒன்று இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் பிள்ளைகளால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. ஓடும் வண்டிக்கு அது தேவையானது. நின்றுபோன வண்டியில் என்ன செய்வது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்: முன்னிருக்கைக்குத் தாவி முன்கதவைத் திறப்பது, ஒலிப்பானை விடாமல் அழுத்துவது. ஒருமுறை சொன்னால் போதாது. வீட்டு வாசலில் நிறுத்தி அவர்களே செய்து பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. கல்விச் சுற்றுலாவுக்குப் பேருந்து வந்ததும் பெயர் கூப்பிட்டு எண்ணி ஏற்றுகிறோம். அதற்கு முன்பு, ஓட்டுநரிடம் அவசரக் கதவைத் திறந்து காட்டச் சொல்லும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சென்ற சுற்றுலாவின்போது ஓட்டுநர் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் கதவை அடைத்துக்கொண்டிருந்த உதிரிச் சக்கரத்தையும் இரண்டு பெட்டிகளையும் நகர்த்தினார். கைப்பிடி அசையவில்லை. என்னோடு வந்த உடற்கல்வி ஆசிரியரும் அவரும் சேர்ந்து நான்கைந்து முறை இழுத்த பிறகே திறந்தது. கீலில் துரு. நாற்பது மாணவர்கள் வெயிலில் வரிசையாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மசகெண்ணெய் வாங்கி வந்து, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கையால் தனியே திறந்து காட்டும்வரை நாங்கள் புறப்படவில்லை. விலங்குத் தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.